கொட்டாஞ்சேனை முதல் வெள்ளவத்தை வரை: எமது அயற் பாடசாலைகளின் நூறாண்டு

எமது பழைய மாணவியர் சங்கம் நூறாண்டை நிறைவு செய்யும் இவ்வேளையில், பாடசாலையின் ஸ்தாபகர்கள், அதிபர்கள், ஆசிரியைகள் பற்றிய கட்டுரைகள் இம்மலரின் ஏனைய பக்கங்களை அணிசெய்கின்றன. மலர்க்குழுவினர் எம்மிடம் கேட்டது சற்று வேறானது. எமது பாடசாலையைச் சூழ்ந்திருந்த கொழும்பு எப்படி இருந்தது, இந்நகரில் தமிழ்ப் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை எவ்வாறு கிடைத்தது என்பதை எழுதித் தருமாறு கேட்டார்கள். வைத்தியத் துறையில் இருக்கும் எமக்கு வரலாறு தொழில் அல்ல. ஆயினும் நோயாளியைப் பரிசோதிக்குமுன் அவருடைய முன்கதையைக் கேட்டறிவது எமது தொழிலின் முதற்பாடம். அந்தப் பழக்கத்தோடு இதனை எழுதுகிறோம்.

ஒரு பாடசாலையின் வரலாற்றை அதன் மதிலுக்குள் மட்டும் எழுதிவிட முடியாது. யார் உள்ளே வரலாம், எந்த மொழியில் படிக்கலாம், படித்து முடித்தவர் எங்கே போகலாம் என்பவற்றை மதிலுக்கு வெளியே இருந்தவர்களே பெரும்பாலும் தீர்மானித்தார்கள். மிஷனரிமார், சட்டசபை, அமைச்சு, சில வேளைகளில் தெருவில் திரண்ட கும்பல் என்று அவர்கள் காலத்துக்குக் காலம் மாறினார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் வாசலில் ஒரு தடை இருந்தது. முதலில் அது பணமாக இருந்தது. பின்னர் மொழியாகவும் மாவட்டமாகவும் அடையாள அட்டையாகவும் வந்தது. அத்தடைகளை வரிசையாகப் பார்த்தால், எமது சங்கம் எதற்காக இருக்கிறது என்பதும் தெளிவாகும்.

துறைமுகத்தின் அருகே

கொழும்பின் கல்விக் கதை வடக்கிலிருந்தே ஆரம்பிக்கிறது. இன்று றோயல் கல்லூரி என நாம் அறியும் பாடசாலை 1835இல் ஹில் வீதியில் சிறிய அளவில் தொடங்கியது. கொட்டாஞ்சேனையில் புனித பெனடிக்ற் கல்லூரி 1865இலும், நல்லாயன் கன்னியர் மடப் பாடசாலை 1869இலும் ஆரம்பமாகின. 1851இல் புனித தோமஸ் கல்லூரி நிறுவப்பட்டதும் முகத்துவாரத்தில்தான். அக்காலத்தில் கொழும்பின் வசதி படைத்த குடும்பங்கள் பல கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் வாழ்ந்தன. கடற்காற்று வீசும் மேட்டு நிலம், கோட்டைக்கும் புறக்கோட்டைக்கும் எட்டிய தூரம் என்பன அதற்குக் காரணம்.

இந்நிலையை மாற்றியது துறைமுகம். 1875இல் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பத்தாண்டுகளில் தென்மேற்கு அணை முடிவுற்றது. நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றக் கொழும்புக்கு வந்தன. வேலை பெருகியது, கூடவே கரித்தூசும் பெருகியது. வசதியுள்ளோர் கறுவாத்தோட்டம் நோக்கி நகர்ந்தனர். புனித தோமஸ் கல்லூரி 1918இல் கல்கிசைக்குப் பெயர்ந்தமைக்கு இந்தக் கரித்தூசும் ஒரு காரணம். றோயல் கல்லூரியும் 1923இல் றீட் அவனியூவில் இன்றைய இடத்துக்கு வந்து சேர்ந்தது.

போகக்கூடியவர்கள் போனார்கள். துறைமுகத் தொழிலாளரும், செட்டியார் தெருக் கடைகளில் வேலை செய்தோரும், நகர சுத்திகரிப்புப் பணியாளரும், பரதவரும், கொழும்புச் செட்டிகளும், முஸ்லிம்களும், மலையாளிகளும் அங்கேயே வாழ்ந்தார்கள். அவர்களுடைய பெண் பிள்ளைகளும் அங்கேயே வளர்ந்தார்கள். கரித்தூசு எல்லோருடைய நெஞ்சிலும் ஒரே மாதிரித்தான் படியும். அதிலிருந்து விலகிப் போகும் வசதி எல்லோருக்கும் இருக்கவில்லை. கொட்டாஞ்சேனையின் மகளிர் பாடசாலைகள் இடம்பெயராமல் அங்கேயே நின்றதன் பெறுமதியை இந்தப் பின்னணியிலேயே நாம் அளக்க வேண்டும்.

1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டு, நன்கொடைப் பணம் பெறும் பாடசாலை முறை நிலைபெற்றபின், சமயங்களுக்கிடையிலான போட்டியும் பாடசாலைகளைப் பெருக்கியது. 1880இல் ஒல்கொற் வந்தபின் பௌத்தப் பாடசாலைகள் எழுந்தன. 1891இல் பெண்களுக்கென மியூசியஸ் கல்லூரியும், 1892இல் மருதானையில் முஸ்லிம்களின் ஸாஹிராவும் தோன்றின. 1897 ஜனவரியில் சுவாமி விவேகானந்தர் கொழும்பில் வந்திறங்கினார். அந்த எழுச்சியின் தொடர்ச்சியாக 1902இல் விவேகானந்த சபை உருவாயிற்று. சபையின் பெயரைத் தாங்கிய பாடசாலை கொட்டாஞ்சேனையில் இன்றும் இயங்குகிறது. எந்தச் சமயத்தவர் தொடங்கினாலும் அயலிலிருந்த பிள்ளைகள் பல சமயத்தவர்களாகவே இருந்தனர். ஒரே வாங்கில் சைவப் பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் அமர்ந்திருப்பது கொழும்புத் தமிழ்மொழி மூல வகுப்பறைகளுக்குப் புதிதல்ல.

புகையிரதப் பாதையின் ஓரம்

வெள்ளவத்தையின் கதை வேறு. 1870களில் கடலோரப் புகையிரதப் பாதை தெற்கே நீண்டபோதுதான் இப்பகுதி நகரோடு நெருங்கியது. 1880களில் அமைந்த நூல் நூற்பு, நெசவு ஆலை இந்தியத் தமிழ்த் தொழிலாளர் பலரை இங்கே கொண்டுவந்தது. வெள்ளவத்தை என்றதும் யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் குடும்பங்களையே நினைப்பது எமது வழக்கம். அவர்களுக்கு முன்பே ஆலைத் தொழிலாளரின் தமிழ் இங்கே ஒலித்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுதுவினைஞர்களும் கணக்காளர்களும் ஆசிரியர்களும் வைத்தியர்களும் காலி வீதியின் இரு மருங்கிலும் ஒழுங்கைகளில் வீடு கட்டிக் குடியேறினர். அதுவரை யாழ்ப்பாணத்தில் விடுதியில் விட்டுப் படிப்பித்த பெண் பிள்ளைகளைத் தம்மோடு வைத்திருக்க விரும்பினர். யாழ்ப்பாணத்தில் உடுவில் மகளிர் கல்லூரி 1824 முதலே இயங்கியது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சுன்னாகத்தில் பெண்களுக்கெனக் கல்லூரியை 1913இல் நிறுவினார். கொழும்பில் கொள்ளுப்பிட்டி மெதடிஸ்த கல்லூரி 1866 முதலும், பம்பலப்பிட்டி திருக்குடும்பக் கன்னியர் மடம் 1903 முதலும் இருந்தன. தமது சமயச் சூழலில் பெண் பிள்ளைகள் கற்க வேண்டும் என விரும்பிய பெண்கள் சிலர் சைவ மங்கையர் கழகமாக ஒன்றுகூடி, 1930களில் வெள்ளவத்தையில் ஒரு வித்தியாலயத்தை உருவாக்கினர். பெண்கள் தாமே கூடிப் பெண்களுக்காகத் தொடங்கியது என்பதே அதன் தனிச்சிறப்பு. பின்னர் 1946இல் முஸ்லிம் மகளிர் கல்லூரியும், 1951இல் பிள்ளையார் பாடசாலை என்ற பெயரில் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இப்பகுதியில் ஆரம்பமாகின.

வடக்கே கொழும்பு 13, தெற்கே கொழும்பு 6. ஒரே நகரம்தான், ஆனால் வீட்டு வாடகையும் பேச்சும் வேறு. 155ஆம் இலக்க பஸ் இன்றும் இவ்விரு பகுதிகளையும் இணைத்து ஓடுகிறது. எம்மில் பலர் அந்த பஸ்ஸில் நின்றுகொண்டே பாடம் மனனம் செய்தவர்கள்.

சங்கம் தோன்றிய காலம்

எமது சங்கம் தோன்றிய காலத்தில் படித்த பெண் என்பவர் அரிதான ஒருவர். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கியது. பெண்கள் அதில் சேர்க்கப்பட்டது 1892இல்தான். பல்கலைக்கழகக் கல்லூரி 1921இல் ஆரம்பித்தது. 1931இல் டொனமூர் யாப்பின் கீழ் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டே கொழும்பு வடக்குத் தொகுதியின் இடைத்தேர்தலில் நேசம் சரவணமுத்து வெற்றி பெற்று அரசாங்க சபைக்குச் சென்றார். இலங்கையின் சட்டசபையில் அமர்ந்த இரண்டாவது பெண் அவர். கொட்டாஞ்சேனை மக்கள் ஒரு தமிழ்ப் பெண்ணைத் தம் பிரதிநிதியாக அனுப்பியது பெரும்பாலான நாடுகளில் பெண்கள் வாக்குச் சாவடிக்கே போகாத காலத்தில்.

வைத்தியர்களான எமக்கு இன்னொரு பெயரையும் சொல்லாமல் இருக்க முடியாது. கனடாவில் பிறந்து, தமிழரான எஸ். சி. கே. இரட்ணத்தை மணந்து, கொழும்பைத் தம் வீடாக்கிக்கொண்டவர் வைத்தியர் மேரி இரட்ணம். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானவர். பாடசாலைப் பிள்ளைகளுக்கெனச் சுகாதார நூலும் எழுதினார். வைத்தியசாலையில் ஒரு தாயிடம் சொல்வதைவிட, வகுப்பறையில் நாளைய தாய்மார் நாற்பது பேரிடம் சொல்வது மேல் என்பதை எமக்கு முன்பே அறிந்தவர் அவர்.

1946 குடிசன மதிப்பின்போது இலங்கையில் எழுத்தறிவுள்ள ஆண்கள் நூற்றுக்கு 70 பேர்; பெண்கள் 44 பேர் மட்டுமே. 1981இல் ஆண்கள் 91, பெண்கள் 83. முப்பத்தைந்து ஆண்டுகளில் இடைவெளி இருபத்தாறிலிருந்து எட்டாகச் சுருங்கியது. பிரசவத்தில் தாய்மார் இறப்பது 1930களில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2000க்கும் மேல். 2010களில் அது சுமார் 30 முதல் 40 வரை. குடும்பநல மாதுக்களும் வைத்தியசாலைகளும் மருந்துகளும் இதனைச் செய்தன. அவற்றோடு, மருந்துத் துண்டை வாசிக்கவும், கிளினிக் தினத்தை நினைவில் வைக்கவும், வைத்தியரிடம் பயமின்றிக் கேள்வி கேட்கவும் தெரிந்த பெண்களும் செய்தார்கள். அந்தப் பெண்களை உருவாக்கியவை கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஊர்தோறும் இருந்த சாதாரண வகுப்பறைகள்.

பணம் என்ற தடை

1945க்கு முன் இலங்கையில் இருவகைப் பாடசாலைகள் இருந்தன. ஆங்கிலப் பாடசாலையில் கட்டணம் அறவிடப்பட்டது. அங்கு படித்தோருக்கு உத்தியோகமும் உயர்கல்வியும் எட்டின. சுயமொழிப் பாடசாலையில் கட்டணம் இல்லை. அங்கிருந்து மேலே செல்லும் வழியும் பெரும்பாலும் இல்லை. ஒரு குடும்பத்தில் நான்கு பிள்ளைகள் இருந்து ஒருவருக்கு மட்டும் ஆங்கிலப் பாடசாலைக் கட்டணம் செலுத்த முடியுமானால், அந்த ஒருவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அது மூத்த மகளாக இருந்ததில்லை.

கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமற்ற கல்வி 1945 ஒக்டோபர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தால் கூடுதலாகப் பயன்பெற்றவர்கள் பெண்களே. ‘யாரைப் படிப்பிப்பது’ என்ற கேள்வியே பல வீடுகளில் எழாமற் போயிற்று. பின்னர் 1980 முதல் இலவசப் பாடநூல்களும், 1993 முதல் இலவசச் சீருடைத் துணியும் வந்தன. அந்த வெள்ளைத் துணியை வாங்கி, அளவெடுத்துத் தைத்து அணிந்த தலைமுறை எம்முடையது. துணி ஒரே துணியாக இருந்ததால், பக்கத்தில் இருப்பவள் எந்த வீட்டிலிருந்து வருகிறாள் என்பது சட்டையில் தெரியவில்லை.

ஆனால் கட்டணம் நீங்கிய அதே தசாப்தத்தில் கொட்டாஞ்சேனைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இன்னோர் அடி விழுந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. மலையகத்தின் கதையாக மட்டுமே இது சொல்லப்படுகிறது. துறைமுகத்திலும் ஆலைகளிலும் நகர சபையிலும் வேலை செய்தோரையும் அது பாதித்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் இந்தியா சென்ற குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்பறைகளிலிருந்து ஒவ்வொருவராக விடுகைப் பத்திரம் பெற்றுச் சென்றனர்.

மொழி, அரசு, மாவட்டம்

1945 முதல் ஆரம்ப வகுப்புகளிலும், 1950களில் படிப்படியாக இடைநிலை வகுப்புகளிலும் தாய்மொழி போதனா மொழியாயிற்று. தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில் விஞ்ஞானம் கிடைத்தது ஒரு பெரும் பேறு. கலம், இழையம், நாளம், நாடி, குருதி என்று தமிழில் உயிரியல் கற்று, மருத்துவ பீடத்தில் அனைத்தையும் மீண்டும் ஆங்கிலத்தில் கற்றவர்கள் நாம். முதலாண்டில் சிரமமாகத்தான் இருந்தது. ஆயினும் தமிழில் ஒருமுறை விளங்கிய விடயம் ஆங்கிலத்தில் பெயர் மாறினாலும் விளக்கம் மாறவில்லை. இன்று வட்டில் ஒரு முதிய தாயாருக்கு நோயை விளக்கும்போது கைகொடுப்பது உயர்தர வகுப்பின் தமிழ்தான்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒரே நகரில், சில வேளைகளில் ஒரே பாடசாலையில், தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் வெவ்வேறு வகுப்பறைகளில் வளர்ந்தனர். 1956இன் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசின் மொழியாக்கியபோது, தமிழில் படித்த பெண்ணுக்கு அரச உத்தியோகத்தின் வாசல் ஒடுங்கியது.

1960 டிசெம்பரில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும், 1961இன் 8ஆம் இலக்கச் சட்டமும் அதற்கு வழிவகுத்தன. கத்தோலிக்கப் பெற்றோர் பல இடங்களில் பாடசாலைக்குள் தங்கியிருந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். சில பாடசாலைகள் கட்டணமும் அறவிடாமல், அரச பணமும் இல்லாமல் தனித்து நின்றன. அரசு பொறுப்பேற்றதால் சம்பளமும் கட்டடமும் உறுதியாயின. பாடசாலைகளைத் தொடங்கிய சமூகங்களின் கை மெல்ல விலகியது. அந்த இடைவெளியை நிரப்ப முன்வந்தவை பழைய மாணவர் சங்கங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுமே. சங்கத்தின் பணி வருடாந்த விருந்தோடு முடிவதல்ல என்பது அப்போதுதான் பலருக்கும் தெளிவாயிற்று.

அடுத்து வந்தது தரப்படுத்தல். 1970–71 பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவ பீடத்துக்குச் செல்லத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 400க்கு 250 புள்ளிகள் தேவைப்பட்டன. சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதுமாயிருந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. பின்னாளில் திறமைக்கு 40 வீதம், மாவட்டங்களுக்கு 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என அது நிலைபெற்றது. மொழியை வைத்துப் புள்ளியைப் பிரித்த முதல் முறை தமிழ் இளையோர் மனதில் ஏற்படுத்திய காயத்தின் விளைவை நாடு முழுவதும் அறியும். மாவட்ட முறை அதிலிருந்து வேறானது. வசதி குறைந்த மாவட்டங்களின் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள் உட்பட, அதனால் பல்கலைக்கழகம் சென்றனர். அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அம்முறைக்குத் தெரிவது மாவட்டம் மட்டுமே, தெரு தெரியாது. கறுவாத்தோட்டத்தில் தனியறையில் படிக்கும் பிள்ளையும், கொட்டாஞ்சேனைத் தோட்டமொன்றில் ஆறு பேர் உறங்கும் ஒற்றை அறையில் படிக்கும் பிள்ளையும் ‘கொழும்பு மாவட்டம்’ என்ற ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

வகுப்பறையில் பாய் விரித்த நாள்கள்

1983 ஜூலை இறுதி வாரத்தைக் கொழும்புத் தமிழர் எவரும் மறக்கப்போவதில்லை. வெள்ளவத்தையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிர் தப்பியவர்கள் ஓடிச் சேர்ந்த இடங்களில் பாடசாலைகள் முதன்மையானவை. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமாயிற்று. வாங்குகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் பாய் விரித்தார்கள். பின்னர் ‘லங்கா கல்யாணி’ போன்ற கப்பல்களில் பலர் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். அன்று நாம் கைக்குழந்தைகள், அல்லது நடை பழகியவர்கள். அந்த வாரம் எங்கள் வீடுகளில் குரலைத் தாழ்த்திச் சொல்லப்படும் கதையாக எம்மிடம் வந்து சேர்ந்தது. எமது அக்காமாரின் வகுப்புகளில் ஓகஸ்ட்டுக்குப் பின் பல கதிரைகள் வெறுமையாக இருந்தன. சென்னை, இலண்டன், ரொறொன்ரோ, மெல்பேர்ண் எனச் சங்கத்துக்கு இன்று கிளைகள் இருப்பது எமக்குப் பெருமையே. அக்கிளைகளுட் பல எப்படி முளைத்தன என்பதும் நினைவிலிருக்கட்டும்.

நாம் படித்த தொண்ணூறுகளில் அந்த வெற்றிடங்கள் மீண்டும் நிரம்பின. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் வந்தார்கள். 1995 ஒக்டோபர் 30இன் யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பின் இன்னும் பலர் வந்தார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ் அறைகளிலிருந்து பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் எம்மோடு படித்தார்கள். முப்பத்தைந்து பேருக்கான வகுப்பில் ஐம்பது பேர் இருந்தோம். எவரும் இடைஞ்சலாகத் தெரியவில்லை; ஆசிரியைகள் அப்படித் தெரிய விடவில்லை. 1996 ஜனவரியில் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பின் பின் சோதனைகள் இறுகின. வாசலில் பெற்றோர் முறைவைத்து நின்று புத்தகப் பைகளைப் பார்த்தார்கள். அப்போது பதினாறு வயதில் தேசிய அடையாள அட்டைக்கான விண்ணப்பம் அதிபரூடாகச் சென்றது. அக்காலத்துத் தமிழ்ப் பெண்ணுக்கு அந்த அட்டை பரீட்சை மண்டபத்துக்கு மட்டும் உரியதல்ல. வீட்டிலிருந்து பஸ் தரிப்பிடம் வரை நடப்பதற்கும் அதுவே துணை. ‘இவர் எமது பாடசாலை மாணவி’ என அதிபர் எழுதிக் கொடுத்த ஒரு தாள் பொலிஸ் நிலையத்தில் எத்தனையோ பெற்றோரின் கண்ணீரைத் துடைத்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களிலிருந்து தமிழர் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டு, மறுநாள் உயர்நீதிமன்றம் அதனைத் தடுத்தபோது, எம்மோடு படித்த அந்தப் பிள்ளைகளின் முகங்களே நினைவுக்கு வந்தன.

போர் முடிந்தபின் பைகளைச் சோதிக்கும் வழக்கம் நின்றது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்ததும் அது திரும்பியது. இம்முறை வாசலில் நின்ற தாய்மார் பலர், தொண்ணூறுகளில் தம் பைகளைத் திறந்து காட்டிய மாணவிகள். ஒரே வாங்கில் அமர்ந்த சைவ, கத்தோலிக்க, முஸ்லிம் பிள்ளைகளின் நட்பு அந்த மே மாதத்தில் சோதிக்கப்பட்டது. அதைக் காப்பாற்றிய ஆசிரியைகளுக்கு எந்த மேடையிலும் பொன்னாடை போர்த்தப்படவில்லை. அடுத்த ஆண்டு கொரோனா பரவியபோது வடகொழும்பு வாரக்கணக்காகத் தனிமைப்படுத்தல் ஊரடங்கில் இருந்தது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொலைபேசி இருந்த வீடுகளில் யார் முதலில் இணையவழி வகுப்பைப் பார்ப்பது என்ற கேள்வி எழுந்தது. 1945க்கு முந்திய அதே கேள்வி வேறு வடிவில் வந்தது.

இன்றைய தடை: ஆவணங்கள்

இன்று கொழும்பு கல்வி வலயத்தில் மத்திய அமைச்சின் கீழ் தேசிய பாடசாலைகளும், 1987இன் 13ஆவது திருத்தத்தின்பின் மாகாண சபையின் கீழ் வந்த பாடசாலைகளும் அருகருகே இயங்குகின்றன. கட்டணம் இல்லை. ஆனால் முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க அலையும் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். அண்மைய ஆண்டுகளின் சுற்றறிக்கைகளின்படி அரச பாடசாலை ஒன்றில் 50 வீத இடங்கள் அயலில் வசிப்போருக்கும், 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும், 15 வீதம் ஏற்கெனவே படிப்போரின் சகோதரருக்கும் உரியவை. அயலில் வசிப்பதை நிரூபிக்க ஐந்தாண்டு வாக்காளர் இடாப்பு, உறுதி அல்லது பதிவு செய்த குத்தகை, மின்கட்டணப் பட்டியல் முதலியன வேண்டும். பாடசாலை மதிலுக்குப் பின்னால் பத்தாண்டு வாழ்ந்தும், வாடகை எழுத்தில் இல்லாத ஒரு குடும்பம் புள்ளிகளை இழக்கிறது. காலி வீதியில் புதிதாக மாடிமனை வாங்கிய குடும்பத்தின் கோப்பு தடிப்பாக இருக்கிறது. பணம் என்ற பழைய தடை தாளாக மாறித் திரும்பி வந்திருக்கிறது.

இவ்விடத்தில் எமது சங்கமும் வருகிறது. பழைய மாணவியரின் பிள்ளைகள் என்ற பிரிவில் சங்க உறுப்புரிமைக்கும் புள்ளி உண்டு. மகளுக்கு நான்கு வயதாகும்போது ஆயுட்கால உறுப்பினராகச் சேர்ந்து, அனுமதி கிடைத்தபின் கூட்டத்துக்கு வராதவர்கள் எல்லாப் பாடசாலைச் சங்கங்களிலும் உண்டு. அவர்களைக் குறைகூற நாம் எழுதவில்லை. தாய் மனம் அப்படித்தான். ஆனால் நூறாண்டு வாழ்ந்த ஒரு சங்கம் தன் உறுப்பினரின் பிள்ளைகளுக்கு வழிவிடுவதோடு நின்றுவிடலாமா? ஆரம்பத்தில் இப்பாடசாலையின் படியேறிய பெண்களுட் பலரின் தாய்மார் எந்தப் பாடசாலைக்கும் போனதில்லை. அன்று ‘பழைய மாணவியின் மகள்’ என்று ஒரு விதி இருந்திருந்தால், எமது பாட்டிமார் வாசலிலேயே நின்றிருப்பார்கள்.

ஆகவே நூற்றாண்டில் மூன்று பணிகளைச் சங்கத்தின் முன் வைக்கிறோம். முதலாவது, அயலிலுள்ள வசதி குறைந்த குடும்பங்களுக்கு அனுமதி விண்ணப்ப காலத்தில் உதவி. பிறப்புச் சான்றிதழ் பிரதி எடுத்தல், வாக்காளர் பதிவு, கிராம உத்தியோகத்தரின் கடிதம், விண்ணப்பத்தைத் தவறின்றி நிரப்புதல் ஆகியவற்றுக்கு எம்மிடையே சட்டத்தரணிகளும் நிர்வாக சேவையாளரும் தாராளமாக இருக்கிறார்கள். ஆண்டில் இரண்டு சனிக்கிழமைகள் போதும். இரண்டாவது, அயலிலுள்ள சிறிய பாடசாலைகளோடு கைகோர்த்தல். ஆங்கிலமொழி மூல வகுப்புகளும் சர்வதேசப் பாடசாலைகளும் பெருகியபின், தமிழ்மொழி மூலப் பிள்ளைகள் சில பெரிய பாடசாலைகளில் குவிகிறார்கள், சிறியவை மெலிகின்றன. எமது ஆய்வுகூடத்தையும் நூலகத்தையும் மாதத்தில் ஒரு நாள் அவர்களுக்குத் திறக்கலாம். குருதிச்சோகை, பற்சுகாதாரம், கண்பார்வை பற்றிய பரிசோதனைகளை வைத்தியர்களான நாம் அங்கும் சென்று செய்யத் தயாராக இருக்கிறோம்.

மூன்றாவது, சேர்வு இடாப்புகளையும் சம்பவத் திரட்டுப் புத்தகங்களையும் பாதுகாத்தல். ஒரு பிள்ளையின் பெயர், தந்தையின் தொழில், முன்னர் படித்த பாடசாலை, விலகிய திகதி, விலகிய காரணம். இவ்வளவுதான் ஓர் இடாப்பில் இருக்கும். இக்கட்டுரையில் நாம் சொன்ன துறைமுகம், ஆலை, பிரஜாவுரிமை, கலவரம், இடப்பெயர்வு அனைத்தும் அந்தக் கட்டங்களுக்குள் ஒரு சொல்லாகவோ ஒரு திகதியாகவோ பதிந்திருக்கும். கொழும்பின் ஈரக்காற்றில் தாள் நீண்டகாலம் நிலைக்காது; செல்லும் கறையானும் காத்திருப்பதில்லை. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, பாடசாலை நிர்வாகத்தின் அனுமதியோடும் தனிமனித விபரங்களுக்குரிய பாதுகாப்போடும் பேணுவதற்குச் சங்கம் இவ்வாண்டே ஒரு குழுவை அமைக்க வேண்டும்.

எம்மை உருவாக்கிய ஆசிரியைகளில் மறைந்தோருக்கு எமது அஞ்சலி. இருப்போருக்கு எமது வணக்கம். கடல் கடந்தும் கட்டுரைகளும் நன்கொடைகளும் அனுப்பிய சகோதரியருக்கு நன்றி. அடுத்த ஜனவரியில் முதலாம் தரத்துக்கு வரும் பிள்ளைகளின் பெயர்கள் இன்னும் எழுதப்படவில்லை. கொட்டாஞ்சேனைத் தோட்டத்திலிருந்தும் வெள்ளவத்தை ஒழுங்கையிலிருந்தும் வரும் பெயர்கள் அந்தப் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இடம்பெற வேண்டும். அதற்கு உழைப்பதே சங்கத்தின் இரண்டாம் நூற்றாண்டுப் பணி என்று கூறி, அனைவருக்கும் எமது நூற்றாண்டு வாழ்த்துகளைத் தெரிவித்துக்கொள்கிறோம்.